பெட்டியிலுள்ள பட்டு

அங்கத்தினர்களுள் பலர் பட்டு நெய்பவர்கள். ஆயினும், தறியில் இருக்கும் சேலைக்கு அவர்கள் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடத் தம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் சேலைக்குக் காட்டுவதில்லை என்பது நாம் கண்ட உண்மை.

காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், கடன் தவணை பாக்கி குறித்து ஓர் அங்கத்தினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திண்ணையில் பழைய ஜரிகை வாங்கும் வியாபாரி தராசுடன் அமர்ந்திருந்தார். அவர்முன் ஓர் அரக்குச் சேலை கிடந்தது. அந்நிலைமை அவ்வீட்டிற்கு நேர்ந்ததில் நமது நோட்டீசுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியதாகும். வியாபாரி சேலையை எரித்து அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பார். நெய்தவரின் உழைப்புக்கு அவரது தராசில் எடை கிடையாது. (செம்பு ஜரிகையானால் அவர் திண்ணையே ஏறமாட்டார்!)

சேலையை விரித்தபோது மடிப்பு ஒன்றில் ஜரிகை ஒடிந்து, பட்டும் விட்டிருந்தது. "கை பட்டால் கெட்டுவிடும் என்று முப்பது வருஷமாகத் தொடவே இல்லை, ஐயா" என்றார் அவ்வீட்டு அம்மையார். தொடாததே கேட்டிற்குக் காரணம். ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால், மெல்லிய வெள்ளித் தகடு அவ்விடத்தில் ஒடியும். பின்னர் இழையும் அறும். ஆகையால் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை சேலையை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை இடம் மாற்றி மடிக்க வேண்டும். வெயில் கூடாது, சாயம் வெளுக்கும்.

உடுத்திக் களைந்ததும் வியர்வையோடு பெட்டிக்குள் வைப்பது பெருந்தவறு. பழைய மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் நன்று. அத்துணியில் கஞ்சி இருக்கலாகாது. கஞ்சியை நாடிப் பூச்சி வரும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடும். இரும்புப் பெட்டியானால் அடியில் துணி விரியுங்கள். பட்டில் ஏறிய துருக்கறை எளிதில் போகாது. பூச்சி உருண்டை ஜரிகையைத் தொடாதபடி தனியே முடிந்து வைக்க வேண்டும். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்க்கு வேம்புக்கும் வசம்புக்கும் பஞ்சமில்லை. நன்கு உலர்த்தி முடிந்து வைத்தால் போதும். கறுத்த ஜரிகையைப் புளியிட்டுத் துலக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறோம். பித்தளைக் குடத்துக்குரிய வைத்தியம் அது, முலாம் தாங்காது.

நாம் இவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில், கணவர் பேசாமல் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறருக்கே நெய்து வாழ்ந்த அவருடைய தந்தையார், வரப்போகும் மருமகளுக்கென்று நெய்து வைத்த சேலையாம் அது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமான கோர்வைச் சேலை. அன்று பன்னிரண்டு வயதுச் சிறுவனாக ஓரத்தில் அமர்ந்து, கரை நாடாவை எடுத்துக் கொடுத்தவர் இவரே. ஓரிடத்தில் உடலின் நிறம் ஓரிழை கரைக்குள் ஏறியிருந்தது. "இங்கேதான் நான் தூங்கிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை, பிரிக்கவும் இல்லை" என்றார்.

வியாபாரி தராசை மடித்துக்கொண்டு எழுந்தார். தவணையை நிர்வாகக் குழு பின்னர் மாற்றியமைத்தது. அது தனிக் கதை.

அடுத்த முறை நாம் சென்றபோது, அச்சேலை கூடத்து மூங்கிற் கழியில் காற்றாடிக்கொண்டிருந்தது. மகளின் நிச்சயதார்த்தத்திற்கு அதனையே உடுத்தப்போவதாக அவ்வம்மையார் கூறினார். கிழிந்த இடம் கொசுவத்தின் உள்ளே மறைந்துவிடுமாம்.