பின்னேர முகிலும் வெள்ளாப்பு முகிலும்

மார்ச் மாதக் கடைசியில் வகுப்பில் எப்போதும் வருகிற கேள்வி இது: "சேர், காலையில நல்ல வெயில். பின்னேரம் டியூசனுக்குப் போகக்குள்ள மட்டும் ஏன் இடி முழங்குது?" புவியியல் ஆசிரியரிடம் அனுப்பிவிடலாம்தான். ஆனால் கொண்டல், எழிலி, மங்குல் என்று முகிலுக்குப் பெயர்களை அடுக்கும் தமிழ் வாத்தியார், அது வரும் நேரத்தையும் சொல்ல வேண்டாமா?

இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் காற்று பலமில்லை. வெயிலில் காய்ந்த தரை காற்றைச் சூடாக்கி மேலே தள்ளுகிறது. அஸர் நேரமளவில் முகில் கோபுரமாக எழுந்து, பதினைந்து கிலோமீற்றர் உயரமளவில் மேலே போக வழியின்றி, கொல்லன் பட்டடைபோலத் தட்டையாக விரிகிறது. அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 70 பாகை செல்சியஸையும் தாண்டும். மழை சீக்கிரம் விட்டுவிடும். விரிந்த பனிப்படலமோ கீற்று முகிலாக மெலிந்து, இரவிலும் பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும்.

கடலில் கதை வேறு. அங்கே மழைமுகில் உச்சம் பெறுவது பெரும்பாலும் வெள்ளாப்பு நேரத்தில். கடல்நீர் பகலில் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. இரவில் முகிலின் உச்சி வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து குளிர்கிறது. மேலே குளிர், கீழே சூடு என்றானதும் காற்று மேலெழுவது இலகுவாகிறது. இதுமட்டுமே காரணமென்று சொல்வதற்கில்லை. சுமாத்திராவின் பாரிசான் மலைகளில் பின்னேரம் திரளும் மழை, இரவில் மேற்குக் கரையைக் கடந்து இந்து சமுத்திரத்துக்குள் நகர்ந்து போகிறது.

இதையெல்லாம் மேலிருந்துதான் முழுசாகப் பார்க்கலாம். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் ஜப்பானின் ஹிமவாரி-8 செய்மதி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்தது. முகிலுச்சி எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம் என்பது கணக்கு. மெல்லிய கீற்று முகிலிடம் இந்தக் கணக்கு பிழைக்கும்; கீழிருந்து வரும் வெப்பம் அதனூடே கசிவதால் முகில் தாழ இருப்பதுபோலத் தெரியும். 2006இல் ஏவப்பட்ட கலிப்ஸோ செய்மதி லேசர் கதிரால் அந்த மெல்லிய முகிலையும் அளந்தது. ஆனால் அது நம் தலைக்கு மேலே வந்ததோ பகல் ஒன்றரைக்கும் இரவு ஒன்றரைக்கும் மட்டும்தான். இரண்டு தரம் எட்டிப்பார்த்து ஒரு கடையின் நாள் வியாபாரத்தைச் சொல்ல முடியுமா? 2015 முதல் 2017 வரை சர்வதேச விண்வெளி நிலையத்தில் இயங்கிய கற்ஸ் என்னும் லேசர் கருவி, ஒவ்வொரு இடத்தையும் வெவ்வேறு நேரங்களில் கடந்தது. அயனமண்டல உயர்முகில்கள் இரவில் கூடி நண்பகலை ஒட்டிக் குறைவதை அது காட்டியது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? தடித்த முகில் பகலில் குடை: வெயிலைத் திருப்பி அனுப்பும். இரவில் அதே முகில் போர்வை: பூமியின் வெப்பத்தை வெளியே விடாது. பல காலநிலைக் கணினி மாதிரிகள் தரையின் பின்னேர மழையை நண்பகலிலேயே பெய்வித்துவிடுகின்றன. குடை விரிய வேண்டியது வெயில் சாய்ந்தபின். அவையோ உச்சிவெயிலிலேயே விரித்து, திரும்பிப்போகும் ஒளியைக் கூட்டிக் கணக்குப் போடுகின்றன.