முயல் குட்டி போட்டிருக்கிறது



சம்பள நாளன்று பட்டணத்திற்குப் போன அப்பா, பிள்ளைகள் கேட்டார்களே என்று ஒரு சோடி முயல் வாங்கி வருவதுண்டு. கடைக்காரர் இரண்டும் பெட்டைதான் என்று உறுதி சொல்லியிருப்பார். இரண்டு மாதம் போகும். ஒரு விடியற்காலையில் கூண்டின் மூலையில் உரோமக் குவியல் ஒன்று கிடக்கும். உற்றுப் பார்த்தால் அது மெல்ல அசையும். அன்றைக்கு அந்த வீட்டில் நடக்க வேண்டியது என்ன, நடக்கக் கூடாதது என்ன என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

நடக்கக் கூடாதது எங்கள் வீட்டிலேயே நடந்தது. பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் லயத்தில் இருந்த காலம். எங்கள் வெள்ளை முயல் ஐந்து குட்டி போட்டது. உடம்பில் ஒரு மயிர் இல்லை, கண்ணும் திறக்கவில்லை. தாயோ கூண்டின் மறு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு குட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாலை வரை பார்த்தோம். "தாய் கைவிட்டுவிட்டது" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? குட்டிகளைப் பஞ்சில் சுற்றி வீட்டிற்குள் கொண்டு வந்தோம். டின் பாலைக் கரைத்துத் துணித் திரியால் ஊட்டினோம். தங்கை இரவெல்லாம் தூங்கவில்லை. மூன்று நாளில் ஐந்தும் செத்துப் போயின.

தாய் கைவிடவே இல்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முயல் தன் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறைதான் பால் கொடுக்கும். அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடியும் நேரத்திலோ. மூன்று நான்கு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் யார் அதைக் கவனிக்கப் போகிறார்கள்? பசுவின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருந்தால், முயல் பாலில் ஏறக்குறைய 12 பங்கு இருக்கிறது. ஆகவே ஒருமுறை வயிறு நிறையக் குடித்த குட்டி மறுநாள் வரை தாங்கும். நாய், பூனை போல் தாய் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுக்காததற்கும் காரணம் உண்டு. காட்டில் வாழும் முயல் வளை தோண்டிக் குட்டி போட்டு, வாசலை மண்ணால் மூடிவிட்டு வெளியேறிவிடும். அடிக்கடி வந்து போனால் வாசனை பிடித்து நரி வந்துவிடும் அல்லவா? விலகியிருப்பதுதான் அந்தத் தாயின் காவல்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வந்த நம் பாட்டன்மார் கதைகளில் வரும் முயல் வேறு, கூண்டில் இருக்கும் இந்த முயல் வேறு. தமிழ்நாட்டுக் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் குட்டி போடும். அதன் குட்டி பிறக்கும்போதே உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். நாம் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஐரோப்பாவில் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம். அதன் குட்டிதான் வெற்று உடம்போடு பிறக்கிறது. அதனால் அதற்குக் கூடு இன்றியமையாதது.

சினை முயல் 30 முதல் 32 நாளில் குட்டி போடும். ஆணோடு சேர்ந்த நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். 27ஆம் நாள் ஒரு மரப்பெட்டியைக் கூண்டில் வைக்க வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம் போதும். அடியில் ஈரம் வடியச் சில துளைகள். உள்ளே மெதுவான காய்ந்த புல். பஞ்சு வேண்டாம், அதன் இழை குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். தாய் தன் நெஞ்சு உரோமத்தைத் தானே பிய்த்து மெத்தை போடும். நோய் என்று பயந்துவிடாதீர்கள்.

குட்டி போட்ட நாளில் கைகளைக் கழுவி, தாயின் உடம்பை நன்றாகத் தடவிவிட்டு, கூட்டைத் திறந்து பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது, பழகிய வீட்டு முயலைப் பொறுத்தவரை வீண் பயம். செத்த குட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். மற்றவற்றின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு சிறு பந்து போல் உருண்டிருக்கும். தோல் சுருங்கிக் குட்டி கத்திக்கொண்டே இருந்தால் பால் கிடைக்கவில்லை என்று பொருள். இரண்டாம் நாளும் அப்படியே இருந்தால், தாயை மெல்லத் தூக்கிப் பெட்டியில் குட்டிகளின் மேல் நிறுத்தி, ஐந்து நிமிடம் தலையைத் தடவிக் கொடுங்கள். பல தாய்கள் இதில் பழகிவிடும். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சின் கீழ், மறு கை பின்னங்காலின் கீழ் இருக்க வேண்டும். துள்ளி உதறினால் முதுகெலும்பே முறிந்துவிடும்.

கூட்டுக்கு வெளியே குட்டி கிடந்தால் தாய் அதை வாயில் கவ்விக் கொண்டுபோகாது. நாம்தான் வைக்க வேண்டும். குட்டி சில்லிட்டிருந்தால் முதலில் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே கூட்டில் விடுங்கள். குளிர்ந்த குட்டியால் பால் குடிக்க முடியாது. டின் பால் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் சர்க்கரை குட்டியின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. அவசரத்தில் ஊட்டும் பால் மூச்சுக்குழலில் இறங்கியும் குட்டி சாகும். எங்கள் ஐந்தில் இரண்டாவது அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆண் முயலை முன்கூட்டியே வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். குட்டி போட்ட அன்றைக்கே தாய் மறுபடியும் சினையாகிவிடும். மடியில் பிள்ளை, வயிற்றில் பிள்ளை என்றால் எந்தத் தாய்தான் தாங்குவாள்?

பால் கொடுக்கும் முயலுக்குத் தண்ணீர்தான் முதல் உணவு. ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேலும் குடிக்கும். தண்ணீர் இல்லாமலும், நாயின் தொல்லையாலும், முதல் பேற்றின் கலக்கத்தாலும் குட்டியைக் கடித்துத் தின்ற முயல்கள் உண்டு. புல், கங்கோங், சர்க்கரைவள்ளி இலை எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ரொட்டி, பிஸ்கட், சோறு ஆகாது. மரவள்ளி இலையிலும் பால்மரத்து இலையிலும் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அவற்றைக் கூண்டுப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அவற்றைவிடப் பெரிய ஆபத்து, மருந்து அடித்த புல். வெளிக்காட்டு வேலை செய்யும் தாய்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த நிரையில் என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், பள்ளி விட்டு வந்து புல் அறுக்கப் போகும் பிள்ளைக்குத் தெரியாது. பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. புல் எங்கே அறுக்கலாம் என்பதைப் பிள்ளைக்கு நீங்களே காட்டிக் கொடுங்கள். மருந்து அடித்த உடையோடும் கையோடும் கூண்டைத் தொடாதீர்கள்.

கெடாவில் பிப்ரவரி, மார்ச் வெயிலை அறிவீர்கள். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும். தகரக் கூரையின் கீழ் வைத்த கூண்டு நண்பகலில் அடுப்பாகிவிடும். மர நிழலில் வைத்து, கூரைமேல் ஈரச் சாக்கைப் போடுங்கள். ஐஸ் கட்டிய தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். சிவப்பெறும்பு ஒரே இரவில் ஒரு கூட்டைத் தின்றுவிடும். கம்பி வலை நெருக்கமாக இருக்கட்டும். எலியும் பாம்பும் நுழைய விரல் அளவு சந்து போதும்.

ஒரு வாரத்தில் உரோமம் முளைக்கும். 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் பெட்டியை விட்டுத் தாமே குதித்து வெளியே வந்து புல்லைக் கடிக்கும். அதற்காகத் தாயிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். ஆறு வாரமாவது, முடிந்தால் எட்டு வாரம், தாயோடு இருக்கட்டும். கடையில் உள்ளங்கை அளவுக் குட்டிகளை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிற்கு வந்த சில நாளில் வயிற்றுப்போக்கில் சாவது பெரும்பாலும் அந்தக் குட்டிகள்தான். தாயின் மடி சூடாகிக் கல் போல் இறுகினாலோ, முயல் ஒரு நாள் முழுதும் தின்னாமல் இருந்தாலோ, கை வைத்தியம் பார்க்காமல் பக்கத்துப் பட்டணத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

மூன்று மாதம் ஆனதும் ஆண், பெண் குட்டிகளைப் பிரிக்க வேண்டும். உடன்பிறப்பு என்ற முறையெல்லாம் முயலுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் 1859ஆம் ஆண்டு ஒருவர் வேட்டைக்காகத் திறந்துவிட்ட சில முயல்கள் பெருகி, ஒரு கண்டத்தின் பயிரையே அழித்த கதை உண்டு. லயத்துக் கூண்டில் அவ்வளவு ஆகாது. ஆனால் குட்டிகளை யார் வீட்டுக்குக் கொடுப்பது, அவர்களிடம் கூண்டு இருக்கிறதா, வேட்டை நாய் இருக்கிறதா என்று குட்டிகள் பெட்டிக்குள் இருக்கும்போதே விசாரிக்கத் தொடங்கிவிடுங்கள்.