தாத்தா துப்பாக்கியும் வெடிக்காத வெடியும்!

தீபாவளி ராத்திரி. சேலையூர்ல எங்க ஃபிளாட் வாசல். பத்த வச்ச அணுகுண்டு வெடிக்கல. 'புஸ்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். கூட இருந்த நண்பர் என்ன பண்ணினார் தெரியுமா? குனிஞ்சு, அதை 'ஃபூ ஃபூ'னு ஊத ஆரம்பிச்சுட்டார். சட்டையைப் பிடிச்சுப் பின்னால இழுத்தேன். "ஏன் மச்சி இப்படி டென்ஷன் ஆகறே?"ன்னு கேட்டார். காரணம் என் தாத்தா!

தாத்தாவுக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கேழ்வரகுக் கொல்லை. காட்டுப்பன்றி தொல்லை தாங்காம, லைசென்ஸ் வாங்கி ஒரு நாட்டுத் துப்பாக்கி வச்சிருக்கார். பயிர்ப் பாதுகாப்புக்குன்னு இந்த மாதிரி வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் தர 1959 ஆயுதச் சட்டத்துலயே இடம் இருக்கு. (லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா கம்பிதான் பாஸ்!) பன்றியைச் சுட்டா 1972 வன உயிரினச் சட்டம் பாயும். அதனால தாத்தா ரவையே போட மாட்டார். மருந்து, அதுக்கு மேல தேங்காய் நார், ஒரு 'டமார்'... பன்றி ஓட்டம்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிவிச்சதும், துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. பிளஸ் டூ பரீட்சை முடிச்ச கையோட நான் ஊர்ல ஆஜர். மாமா அதைச் சுவத்துலருந்து எடுத்து, "காலிதான்"னு என்கிட்ட நீட்டினார். நான் உடனே குழல் வாய்க்குள்ள ஒரு கண்ணை வச்சுப் பார்க்கப் போனேன். தாத்தா விட்ட அறை இன்னும் முதுகுல இருக்கு!

அப்புறம் அவர் செஞ்சதுதான் நான் முதன்முதலா பார்த்த நிஜ இன்ஜினீயரிங். இரும்புக் கம்பியைப் பக்கவாட்டுல நின்னு குழலுக்குள்ள விட்டார். வாய் விளிம்பு வர்ற இடத்துல சாக்பீஸ் கோடு. கம்பியை வெளியே எடுத்து, குழலோட வெளிப்பக்கம் வச்சு அளந்தார். அடிப்பக்கத்துலருந்து நாலு விரல் குறையுது. உள்ளே ஏதோ இருக்கு!

"மார்கழியில ஒரு ராத்திரி விசையை இழுத்தேன். 'டிக்'குன்னது. பனியில மருந்து நமத்துப் போச்சு போல. காலையில பாத்துக்கலாம்னு மாட்டினேன், மறந்தே போச்சு" - தாத்தா முகத்துல அசடு வழிஞ்சது. மூணு மாசமா அது எங்க மாமா பொண்ணு தொட்டிலுக்கு மேல தொங்கியிருக்கு.

"ரவைதான் இல்லியே தாத்தா?"ன்னேன். "கிட்டத்துல அந்த நாரே கண்ணைப் பறிச்சுடும் கண்ணு"ன்னார்.

குதிரை கேப்பை அடிச்சா தீப்பொறி சின்னத் துவாரம் வழியா உள்ளே போய் மருந்தைப் பத்த வைக்கணும். கேப் நமத்திருக்கலாம், துவாரத்துல எண்ணெயோ கரியோ அடைச்சிருக்கலாம், மருந்தே ஈரமா இருக்கலாம். இந்த மூணையும் விட மோசமானது, உள்ளே லேசா கனிஞ்சுகிட்டு இருந்து சில நொடி கழிச்சு வெடிக்கிறது. அதனால 'டிக்'குன்னு நின்னா, குழல் வாயை ஆளில்லாத அதே திசையில வச்சுகிட்டு ஒரு நிமிஷமாவது அசையாம நிக்கணும். அப்புறம்தான் துவாரத்தைச் சுத்தம் பண்ணி, புது கேப் போட்டு, அதே திசையில மறுபடி முயற்சி. ஸ்டைலா திரும்பி "வெடிக்கலடா"ன்னு காட்டறதெல்லாம் சினிமாவோட சரி. எங்க காலேஜ் என்.சி.சி. நண்பர்களும் இதையேதான் சொல்றாங்க. ரைஃபிள் சுடலேன்னா முனை இலக்கைப் பார்த்தபடியே இருக்கணும், கையைத் தூக்கணும், அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்து, வெடிக்கலங்கிறதே தெரியாம மேல மேல கெட்டிக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, 1863 கெட்டிஸ்பர்க் சண்டைக்கு அப்புறம் களத்துல பொறுக்கின துப்பாக்கிகள் 27,000-க்கு மேல. அதுல ஏறக்குறைய 24,000 குண்டோட கிடந்தது. பாதி இரட்டைக் கெட்டிப்பு. ஒண்ணுல மட்டும் 23! சுத்திலும் காது கிழியற சத்தம், நம்மது சுட்டுதா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? தினம் பீச் லோக்கல்ல தாண்டிப் போறோமே பரங்கிமலை, அங்கே 1759-ல பிரெஞ்சுக்காரங்களும் ஆங்கிலேயர்களும் மோதினப்போ கையில இருந்ததும் வாய்வழி கெட்டிக்கிற சக்கிமுக்கித் துப்பாக்கிதான்.

சரி, தாத்தா துப்பாக்கிக்கு வருவோம். "சுட்டே காலி பண்ணிடலாமே"ன்னார் மாமா. "மூணு மாசப் பழசு. உள்ளே ஒண்ணா, ரெண்டான்னு யாருக்குத் தெரியும்?"னு மறுத்துட்டார். பழைய கேப்பை எடுத்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடற பாட்டில்ல தண்ணி பிடிச்சு, துவாரம் வழியா விட்டார். நீள மூக்குச் செம்பால குழல் வாய் வழியாவும் தண்ணி, கையும் முகமும் வாய்க்கு நேரா வராம. ராத்திரி முழுக்க ஊறல். காலையில கம்பி முனையில திருகாணி மாட்டி, சுத்திச் சுத்தி நாரை இழுத்தார். பின்னாலேயே கறுப்புக் கஞ்சி மாதிரி மருந்து. நாலு தடவை கழுவி, துணி விட்டுத் துடைச்சு, மறுபடி கம்பி அளவு. இப்போ சாக்பீஸ் கோடு சரியா நின்னது.

ஸ்டேஷன்ல ஏட்டு கேட்ட முதல் கேள்வி, "காலிதானே பெரியவரே?"

தாத்தா பதிலே சொல்லல. கம்பியை எடுத்து அவர் கையில கொடுத்தார்.