மார்புக்கு ஊசி, இதயத்துக்கு எதற்கு ஸ்கேன்?

நான் எக்கோ டெக்னீஷியன். மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் அறைக்கு வருவார்கள். ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு இடையே புரோபை வைத்ததுமே கேள்வி வரும்: "ஏம்மா, கட்டி மார்லதானே இருந்துச்சு? இதயத்த எதுக்குப் பாக்குறீங்க?"

"டாக்டர் எழுதியிருக்காருக்கா" என்று சமாளித்துவிடலாம். ஆனால் உண்மையான பதில் சுவாரசியமானது. அது கருவிலிருந்து தொடங்குகிறது.

கருவில் இதயம் முதலில் வெறும் குழாய்தான். வெளியே தசை, உள்ளே மெல்லிய உறை. அந்த உறை நியூரெகுலின் என்ற புரதத்தைச் சுரக்கும். தசைச் செல்லின் மேலிருக்கும் எர்பி4 என்ற ஏற்பி அதைப் பிடித்து, எர்பி2 என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேரும். அப்போதுதான் உட்சுவரில் தசை பின்னல் பின்னலாக வளரும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் மரபணுவை எலிகளில் நீக்கினால் பின்னலே உருவாகாது, கரு பாதியிலேயே இறந்துவிடும் என்பது 1995இல் தெரியவந்தது. எர்பி2வுக்குப் புற்றுநோய்ப் பிரிவில் ஹெர்2 என்று பெயர். டிராஸ்டுசுமாப் போய் ஒட்டுவது அதில்தான்.

சரி, வாசலுக்கு வந்த சேதியை உள்ளே யார் சேர்ப்பது? அதற்குத்தான் இணைப்புப் புரதங்கள். அவற்றில் ஒன்று காப்1. இது நொதி அல்ல, எந்த வேதிவினையையும் தானாக நடத்தாது. கல்யாணத் தரகர் பெண்ணும் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. அவர் இல்லாமல் இரண்டு வீட்டாரும் ஒரே திண்ணையில் உட்கார மாட்டார்கள். காப்1 அந்த ரகம். சேதி வந்ததும் அதன் மேல் சில இடங்களில் பாஸ்பேட் ஏறும். ஓரிடத்தில் ஷிப்2 என்ற நொதி வந்து ஒட்டும், இன்னோரிடத்தில் பிஐ3 கைனேஸ் என்ற நொதி. முதலாவது வழியாக வளர்ச்சிக்கான கட்டளை போகும், மற்றது வழியாகச் செல் சாகாமல் காக்கும் கட்டளை.

காப்1 இல்லாத எலிக் கருவுக்கு இதயம் சரியாக அமைவதில்லை, பிறக்கும் முன்பே இறந்துவிடும். ஒசாகா பல்கலைக்கழகக் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதயத் தசையில் மட்டும் காப்1, அதே குடும்பத்தைச் சேர்ந்த காப்2 இரண்டையும் நீக்கினார்கள். எலிகள் பிறந்தன, பிறகு இதயம் பெருத்துத் தளர்ந்துபோனது. ஒன்றை மட்டும் நீக்கியபோது இந்தக் கோளாறு வரவில்லை. ஆக, இதயத்தைக் கட்டிய அதே வழிதான் பிறந்த பிறகும் அதைப் பராமரிக்கிறது. அந்த வழியின் வாசலை மருந்து அடைத்தால் தசை தளரலாம். டிராஸ்டுசுமாபை டாக்ஸோரூபிசின் வகைக் கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயப் பாதிப்பு வந்ததாக 2001இல் வெளியான ஆய்வு சொன்னது. இப்போது இரண்டையும் பொதுவாக ஒன்றாகக் கொடுப்பதில்லை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடும்.

இதே பாதை எதிர்ப்பக்கமாகவும் கெடும். அமெரிக்கக் குழந்தை இதய மருத்துவர் ஜாக்குலின் நூனன் 1960களில் விவரித்த குறைபாடு அப்படிப்பட்டது. அது உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம், ஷிப்2 அளவுக்கு மீறி வேலை செய்வது. அந்தக் குழந்தைகளை ஸ்கேன் செய்யும்போது நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் வால்வைத்தான் முதலில் பார்ப்பேன். பலருக்கு அது குறுகியிருக்கும்.