தூண்டில் இரைக்கும் ஆயுள் உண்டு: வீட்டில் எங்கே, எப்படி வைப்பது?



கோடை விடுமுறை விட்டால் நம் பிள்ளைகளின் கால் தானாகவே கண்மாய்க் கரைக்கும் முல்லைப் பெரியாற்றுக்கும் போகிறது. நம் காலத்தில் ஒரு குச்சி, நரம்பு, கொஞ்சம் மண்புழு இருந்தால் போதும். இன்று ரப்பர் புழு, பிளாஸ்டிக் மீன், வாசனை சேர்த்த மாவு என்று விதவிதமான செயற்கை இரைகள் பார்சலில் வீடு தேடி வருகின்றன. வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை வைப்பதில் யாரும் காட்டுவதில்லை.

சென்ற விடுமுறையில் நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அண்ணன் வாங்கிய ரப்பர் புழுவை ஃபிரிட்ஜ் கதவில், சாக்லேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். மூன்று வயதுத் தங்கை அதை ஜெல்லி மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டாள். அம்மா பார்த்து உடனே எடுத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், முள் கோக்காத புழு என்பதால் ஆபத்தில்லாமல் போனது. அந்தத் தாய் நம்மிடம் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

ரப்பர் புழு

பெயர்தான் ரப்பர். பெரும்பாலும் அது தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பி.வி.சி. அதை மெதுவாக்க ஒரு வகை எண்ணெய் சேர்க்கிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த எண்ணெய் தாலேட் என்ற வகையைச் சேர்ந்தது. குழந்தைகளின் பொம்மைகளில் சில தாலேட்டுகளுக்கு ஐரோப்பிய நாடுகள் 2005-லும் அமெரிக்கா 2008-லும் கடுமையான வரம்பு விதித்தன. தூண்டில் இரை பொம்மை அல்ல; ஆகவே அந்த வரம்பு இதற்கு இல்லை. பிள்ளைகள் கையில் இதை விளையாடக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இந்த எண்ணெய் நாளாக ஆகக் கசியும். வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாகக் கசியும். தெர்மோகோலிலோ சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டால் டப்பாவே இளகி ஒட்டிக்கொள்ளும். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் போட்டால் சாயம் ஏறிவிடும். எனவே வந்த கவரிலேயே, நிறம் வாரியாக, மடங்காமல், நிழலான இடத்தில் வையுங்கள். இப்படி வைத்தால் சில வருடங்கள்கூடத் தாங்கும். வளைந்துபோனதைச் சுடுநீரில் சற்று முக்கினால் நிமிரும். அதற்குச் சமையல் பாத்திரத்தை எடுக்க வேண்டாம். பிசுபிசுத்து, வெடித்துப் போனதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சில வாசனை இரைகள் திரவத்தில் ஊறியே வரும். அவற்றின் கவரைத் திறந்து வைத்தால் காய்ந்து கல்லாகிவிடும். போடிக்காரர்கள் ஏலக்காயைக் காற்றுப் புகாமல் கட்டி வைப்பதைப் போல இதையும் இறுக்கி மூட வேண்டும்.

பிளாஸ்டிக் மீன், தகட்டு இரை

இவை கெடாது, இவற்றில் உள்ள முள் துருப்பிடிக்கும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்திய பிறகே டப்பாவை மூடுங்கள். துருப்பிடித்த முள்ளை மாற்றுங்கள். முள் குத்திவிட்டால் டி.டி. ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவும் பிண்ணாக்கும்

மைதா அல்லது கோதுமை மாவில் கடலைப் பிண்ணாக்கும் எசன்ஸும் பிசைந்து, முள்ளில் நிற்கக் கொஞ்சம் பஞ்சு சேர்த்து உருட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். இதன் ஆயுள் கம்பம் பன்னீர் திராட்சையைவிடக் குறைவு. நம் வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும். அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் பிசையுங்கள்.

இதில் பெரிய ஆபத்து பிண்ணாக்கில் இருக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் தேடியபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு இருந்தது தெரிந்தது. அதுதான் அஃப்ளடாக்சின். ஈரம் பட்ட பிண்ணாக்கில் இது உண்டாகும், வேகவைத்தாலும் முழுமையாகப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். "மீனுக்கு ஆகாவிட்டால் மாட்டுக்குப் போடலாம்" என்று நினைத்துவிட வேண்டாம். மாடு தின்றால் அந்த நஞ்சு பாலிலும் வரும்; அந்தப் பாலை நம் பிள்ளைகள்தான் குடிப்பார்கள். பூஞ்சை பிடித்ததைக் கால்நடைக்கு எட்டாதபடி புதைத்துவிடுங்கள். பண்டம் வீணாகிறதே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி, முதலிலேயே குறைவாக வாங்கி, தரையில் படாமல் உலர்ந்த இடத்தில் வைப்பதுதான்.

ஈயக் குண்டு

இது இரை அல்ல என்றாலும் அதே டப்பாவில்தான் கிடக்கிறது. பிள்ளைகள் இதைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறார்கள். இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அன்னப் பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்பதற்காகவே இங்கிலாந்தில் 1987-இல் பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். குறடு கொண்டு இறுக்கி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

தண்ணீரும் ஓர் அமானிதம்

அறுந்த ரப்பர் புழு மட்காது. மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கும். 1959-இல் திறந்த வைகை அணையின் தண்ணீரைத்தான் மதுரை மக்கள் குடிக்கிறார்கள். பழைய இரையையும் நரம்பையும் கரையில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து குப்பையில் சேருங்கள். அணையிலும் குத்தகைக் கண்மாயிலும் அனுமதி கேட்ட பிறகே தூண்டில் போட வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அத்தாமார்களுக்கும் தாய்மார்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். இரைக்கென்று தனியாக மூடி போட்ட ஒரு டப்பா வையுங்கள். மேலே "மீன் இரை" என்றும் வாங்கிய தேதியையும் எழுதி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். ஃபிரிட்ஜில் எந்த இரையும் வேண்டாம். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள் அல்லது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கவரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மீன் பிடிப்பது ஆகுமான, நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து டப்பாவை ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.