தீவாந்தர சிட்சை

டெலானிபூரில் வசிக்கும் நாம் ஊரிலிருந்து வரும் உறவினரைச் செல்லுலார் சிறைக்கு அழைத்துச் சென்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. அண்மையில் அவ்வாறு வந்த முதியவர் ஒருவர் சிறையறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாகவதரை எந்த அறையில் அடைத்திருந்தார்கள்?" என்று வினவினார். பாகவதர் இங்கு வந்ததேயில்லை என்றதும் அவர் நம்மை நம்பவில்லை. "தீவாந்தரம் என்றல்லவா தீர்ப்பு?" என்றார். தீர்ப்பு அதுவேதான். எனினும் அத்தீர்ப்பு உரைக்கப்பட்ட 1945 மே மாதத்தில் இத்தீவுகள் ஜப்பானியர் வசமிருந்தன. 1942 மார்ச்சில் வந்தவர்கள் 1945 அக்டோபரில்தான் நீங்கினர். ஆகவே எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கடல் கடவாமல், தாய்நாட்டுச் சிறையிலேயே தண்டனையை அனுபவித்தனர்.

இளைய தலைமுறையினர் அறியாதிருக்கக்கூடுமாதலின் அவ்வழக்கைச் சிறிது விவரிப்போம். "இந்துநேசன்" என்னும் பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன், திரையுலகினரின் அந்தரங்கங்களை அச்சிட்டுப் பலருடைய பகையைத் தேடிக்கொண்டவர். 1944 நவம்பர் 8 ஆம் நாள் சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் செல்லுகையில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். சில வாரங்களுக்குள் பாகவதரும், நகைச்சுவை நடிகர் கிருஷ்ணனும், திரைப்பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் சதிக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். கலைஞர் இருவரையும் ஜூரர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்றனர். விதிக்கப்பட்டது ஆயுள் முழுமைக்கும் தீவாந்தர சிட்சை. அந்நாளில் சென்னை பிராட்வே கொட்டகையில் பாகவதரின் "ஹரிதாஸ்" படம் ஓடிக்கொண்டிருந்தது! 1944 தீபாவளிக்குத் திரையிடப்பட்ட அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. திரையில் அவர் பாடக் கேட்டு மக்கள் உருகினர். பாடியவரோ சிறைக்குள் இருந்தார்.

உயர்நீதிமன்றம் அப்பீலைத் தள்ளியது. சாமானியன் ஒருவனுடைய வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். இங்கு முடியாமற் போனதற்குக் காரணமானவர்களுள் டி. ஏ. மதுரம் அம்மையாரை முதலிற் சொல்லவேண்டும் என்பது நம் கருத்து. கணவர் சிறைப்பட்ட பின்னும் நாடகக் குழு கலைந்துவிடாதபடி எஸ். வி. சகஸ்ரநாமம் முதலியோரின் துணையுடன் அவர் காத்தார். வழக்குச் செலவை ஈடுகட்ட உழைத்தார். "பைத்தியக்காரன்" படமும் அம்முயற்சியிலேயே உருவாயிற்று. பாரிஸ்டர் வி. எல். எத்திராஜ் கிருஷ்ணனுக்காக வாதாடினார். 1948 இல் சென்னையில் பெண்கள் கல்லூரி நிறுவியவர் அவரே. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அப்பீலை மறுபடியும் விசாரிக்குமாறு கவுன்சில் திருப்பியனுப்ப, நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் இருவரும் விசாரித்து, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் எனத் தீர்ப்பளித்தனர்.

வழக்கு ஒன்றே, நீதிமன்றமும் அதே உயர்நீதிமன்றமே. முன்னர் நிலைத்த தண்டனை பின்னர் நிலைக்கவில்லை. இடையில் கழிந்த காலமும் கரைந்த பொருளும் எவ்வளவு! விடுதலையான கிருஷ்ணன் எஞ்சியிருந்த காட்சிகளில் நடிக்க, "பைத்தியக்காரன்" அவ்வாண்டே வெளிவந்தது. மீண்டும் புகழும் பெற்றார். பாகவதருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1948 இல் வந்த "ராஜமுக்தி" முதலாக அவர் படங்கள் வரிசையாகத் தோற்றன. 1959 நவம்பர் முதல் நாள் காலமானார். இழந்த ஆண்டுகளுக்கு அரசு ஈடு எதுவும் தரவில்லை. உண்மைக் கொலையாளி யார் என்பதும் இன்றளவும் வெளிப்படவில்லை.

அக்குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. பீகாரில் ருதுல் சா என்பவர் 1968 இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 1982 வரை சிறையிலேயே கிடந்தார். 1983 இல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு வழங்கச் செய்தது மொத்தம் 35,000 ரூபாய். தவறாகத் தண்டிக்கப்பட்டோருக்கு ஈடளிக்கச் சட்டம் வேண்டுமென்று 2018 இல் சட்டக் கமிஷன் தனது 277 ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தும், தனிச் சட்டம் இயற்றப்படவில்லை.

ஆயினும், மதுரம் அம்மையார் காலத்தில் இல்லாத ஒரு வசதி இன்று உண்டு. 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாயினும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீலைப் பெறலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிற் பேசினாலே போதும். இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மையாரின் மகன், கொத்தனாருக்குச் சிற்றாளாக வேலை செய்தவன், திருட்டுக் குற்றத்தில் பிடிபட்டான். தமிழ் தவிர வேறு எழுத்தறியாத அவனிடம் ஹிந்தியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருந்தனர். இலவச வக்கீல் உண்டென்று நாம் அறிந்து சொல்வதற்குள் அந்தத் தாய் காதுத் தோட்டை விற்றுவிட்டார்.

தண்டவாளமே இல்லாத இவ்வூரில் ரயில் டிக்கட் பதிவது நம் தொழில். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கோர்ட் அவனை விடுவித்த மறுவாரம், தாயும் மகனும் நம் ஜன்னலுக்கு வந்தனர். கப்பலில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து ராமநாதபுரம் செல்ல இரண்டு டிக்கட் கேட்டனர். திரும்புவதற்கும் சேர்த்துப் பதியட்டுமா என்றோம். அம்மையார் மகனைப் பார்த்தார். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.