ஏறும் படியா? இறங்கும் படியா?

வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 ஆம் நாள் 120 புதிய பஸ்கள் புறப்பட்டன. மின்சாரத்தால் ஓடும் பஸ்கள்! புகை இல்லை, உறுமல் இல்லை. கைத்தடி ஊன்றிய மூதாட்டியும் பிறர் கை பிடிக்காமல் ஏறலாம். படி அவ்வளவு தாழ்வு. சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஏறலாம். அடுத்து, ஆகஸ்டு மாதத்தில், பெரும்பாக்கத்திலிருந்தும் 135 பஸ்கள் வந்து சேர்ந்தன.

மகிழ்ச்சிதான்! மறுப்பார் யார்? ஏழையும் நோயாளியும் ஏற முடியாத பஸ் எத்தனை ஆயிரம் ஓடினால் என்ன? ஏறத் தக்க பஸ் வந்திருக்கிறது, வரவேற்போம்.

ஆனால், வியாசர்பாடித் தோழர் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு கேள்வி கேட்டார். "வண்டி நேர்த்திதான் அண்ணே! ஆனால் கண்டக்டர் சர்க்கார் ஆள், டிரைவர் கம்பெனி ஆள் என்கிறார்களே! ஒரே வண்டி, ஒரே பாதை, விசில் கொடுப்பவருக்கு ஒரு முதலாளி, ஓட்டுபவருக்கு இன்னொரு முதலாளியா? அப்படியானால் பஸ் யாருடையது?"

நல்ல கேள்வி! நாலெழுத்துப் படித்தவன் நழுவிவிடக் கூடிய கேள்வி. நாள்தோறும் பஸ்ஸில் போகிறவன் நழுவ முடியாத கேள்வி.

ஏற்பாடு இதுதான்: வண்டி வாங்குவது கம்பெனி. பழுது பார்ப்பது கம்பெனி. டிரைவரை வேலைக்கு வைப்பதும் கம்பெனி. எந்த வழித்தடம், எத்தனை மணிக்கு, என்ன கட்டணம் என்று தீர்மானிப்பது மாநகர்ப் போக்குவரத்துக் கழகம். கண்டக்டர் கழகத்தின் ஊழியர். டிக்கெட் பணம் கழகத்துக்கு. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, கழகம் கம்பெனிக்குக் கூலி கொடுக்கும். வண்டி நிறைந்து வழிந்தாலும் அதே கூலி, காலியாக ஓடினாலும் அதே கூலி!

இது நல்லதா, கெட்டதா? பதில் சொல்லுமுன், நாம் நடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

நாம் வந்த வழி

சென்னைக்கு மின்சார வண்டி புதிதல்ல தோழர்களே! 1895 ஆம் ஆண்டிலேயே இந்நகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. ஓட்டியது கம்பெனி. இலாபம் உள்ளவரை ஓட்டிற்று. நட்டம் தலைக்கு மேல் போனதும், 1953 ஏப்ரலில் நிறுத்திற்று. தண்டவாளம் தெருவில் கிடந்தது; தொழிலாளி தெருவில் நின்றான். கம்பெனியின் கடமை பங்குதாரருக்கு. நகரத்துக்குக் கடமைப்பட்டவர் யார்? அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் அரசுப் பஸ். 1947 இல் 30 பஸ்களோடு தொடங்கிய அரசுப் போக்குவரத்து, தனியார் கையிலிருந்த நகரப் பஸ்களின் இடத்தைப் பிடித்தது. 1972 ஜனவரி முதல் நாள் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அப்போது 1,029 பஸ்கள்!

அரசுப் பஸ் என்றால் அழுக்கு, ஓட்டை, தாமதம் என்று ஏளனம் பேசுவோர் உண்டு. ஓட்டை இருந்தது, உண்மை, ஒளிக்க வேண்டாம். ஆனால் 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஒரே ஆணையில் அறிவிக்க முடிந்ததே, எதனால்? வீட்டு வேலைக்குப் போகும் தாயின் முந்தானை முடிச்சிலே மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சியதே, எதனால்? கட்டணம் தீர்மானிக்கும் கை மக்கள் மன்றத்தின் கையாக இருந்ததால்! முதலாளியின் கையாக இருந்திருந்தால் மனு எழுதிக்கொண்டிருந்திருப்போம்.

இனி, சீமையிலே உள்ள ஓர் ஊருக்குப் போவோம். நாம் இன்று கேட்கும் கேள்வியை அந்த ஊர் நமக்கு முன்பே கேட்டது. 37 ஆண்டு கூலி கொடுத்துப் பாடம் படித்தது.

மான்செஸ்டர் படித்த பாடம்

மான்செஸ்டர்! பருத்தி ஆலைகளால் உலகப் புகழ் பெற்ற நகரம். கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறோமே, அந்த மூல மான்செஸ்டர். உழைக்கும் தேனீதான் அதன் சின்னம். சுற்றிலும் பத்து நகராட்சிகள், ஏறத்தாழ 28 லட்சம் மக்கள். அங்கே ஆரஞ்சு நிறத்தில் ஓடின பஸ்கள், மக்களின் சொத்தாக.

வந்தது தாட்சர் அம்மையாரின் ஆட்சி. "போட்டி வேண்டும்! போட்டி வந்தால் கட்டணம் குறையும், சேவை பெருகும்!" என்று முழங்கினார் போக்குவரத்து அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி. 1985 இல் சட்டம். 1986 அக்டோபர் 26 முதல் கதவு திறந்துவிடப்பட்டது. உரிமம் உள்ள எவரும், 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, எந்தத் தெருவிலும் பஸ் விடலாம். அதே போல் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிறுத்தியும் விடலாம்!

ஒரே ஓர் ஊருக்கு மட்டும் விலக்கு. எந்த ஊர்? லண்டன்! தலைநகரின் வழித்தடமும் கட்டணமும் பொது அமைப்பின் கையிலேயே நின்றன. மருந்து அவ்வளவு உயர்ந்ததென்றால் வைத்தியர் தம் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை? கேட்டார்கள் தொழிலாளிகள்; பதில் இல்லை.

நடந்தது என்ன? கூட்டம் உள்ள சாலையிலே பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் பஸ். கூட்டம் குறைந்த குடியிருப்பிலே கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்கும் மக்கள். ஒரு கம்பெனியின் சீட்டு இன்னொரு கம்பெனி வண்டியில் செல்லாது. மக்கள் பஸ் கம்பெனியை 1993 இறுதியில் இரண்டாக வெட்டினார்கள். 1994 இல் ஊழியர்களுக்கே விற்றார்கள். 1996 இல் இரண்டு பெரும் கம்பெனிகள் அவற்றை விழுங்கின. தொழிலாளியைப் பங்காளியாக்கிய நாடகம் இரண்டே ஆண்டில் முடிந்தது!

டார்லிங்டன் என்றொரு சிற்றூர். அந்த ஊர் நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு பஸ் கம்பெனி இருந்தது. 1994 இல் ஸ்டேஜ்கோச் என்னும் பெரும் கம்பெனி அங்கே நுழைந்தது. காசே வாங்காமல் பஸ் ஓட்டியது! இலவசம் என்றதும் கூட்டம் ஏறிற்று. நகராட்சியின் டிரைவர்களுக்கு ஊக்கப் பணம் கொடுத்து இழுத்துக்கொண்டது. சில வாரங்களில் நகராட்சிக் கம்பெனி மூச்சு நின்றது. பிறகு இலவசமும் நின்றது! ஏகபோகத்தை ஆராயும் அந்நாட்டு ஆணையமே இந்தச் செயலைக் கண்டித்தது, பொதுநலத்துக்குக் கேடு என்று. கண்டனம் வந்தது, கம்பெனி திரும்பி வரவில்லை. போட்டி என்று தொடங்கி ஏகபோகம் என்று முடிந்த கதை இது.

ஆண்டுகள் உருண்டன. லண்டனில் பயணிகள் பெருகினர். மற்றப் பெருநகரங்களில் பயணிகள் கரைந்தனர். ஆள்வோரே கண் திறந்து, 2017 இல் ஒரு சட்டம் செய்தார்கள்: மக்கள் தேர்ந்தெடுத்த மேயர்கள் பஸ் நிர்வாகத்தைத் திரும்பப் பெறலாம் என்று. 2021 மார்ச்சில் மான்செஸ்டர் மேயர் ஆண்டி பர்னம் முடிவெடுத்தார். உடனே நீதிமன்றம் போயின இரண்டு கம்பெனிகள். ஸ்டேஜ்கோச் ஒன்று, ரோட்டாலா மற்றொன்று. 2022 இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. பிறகு நடந்ததுதான் வேடிக்கை! வழக்குப் போட்ட அதே இரண்டு கம்பெனிகளும் வரிசையில் நின்று ஒப்பந்தம் கேட்டன, பெற்றன! வழக்கறிஞர் வாயால் "கொள்கை" என்றது, ஒப்பந்தத் தாளைக் கண்டதும் "கூலி" என்று சுருங்கிவிட்டது.

2023 செப்டம்பர் 24 இல் போல்டன், விகன் பகுதிகள். 2024 மார்ச் 24 இல் ஓல்டம், ராச்டேல் பகுதிகள். 2025 ஜனவரி 5 இல் எஞ்சியவை. மூன்றே கட்டங்களில் மொத்தமும் மாறியது. மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ நிறத்தில் பஸ்கள். போல்டனில் மட்டும் புதிய மின்சார பஸ்கள் 50. வழித்தடம், நேரம், கட்டணம் மூன்றும் மக்கள் அமைப்பின் கையில். பணிமனைகளையும் அந்த அமைப்பே வாங்கிக்கொண்டது. 2025 ஜனவரியில் நாடெங்கும் கட்டண உச்சவரம்பு 3 பவுனாக உயர்ந்தபோது, மான்செஸ்டர் 2 பவுனிலேயே நிற்க முடிந்தது. கை தன்னிடம் இருந்தது, நிறுத்தியது!

டிரைவர் என்ன ஆனார்? முதல் நாள் இரவு ஒரு கம்பெனியின் சட்டையோடு வண்டியை நிறுத்தியவர், மறுநாள் விடியலில் இன்னொரு கம்பெனியின் சட்டையோடு வண்டியை எடுத்தார். ஆனால் பழைய சம்பளமும் சேவைக் காலமும் அவரோடு கூடவே வந்தன. தொழில் கைமாறினால் தொழிலாளியின் உரிமை கரையக் கூடாது என்று அந்நாட்டில் சட்டம் இருக்கிறது. சட்டை மாறியது, சம்பளம் சுருங்கவில்லை.

படி ஒன்று, திசை இரண்டு

இப்போது வியாசர்பாடிக்குத் திரும்புவோம். மான்செஸ்டரிலும் கம்பெனிதான் ஓட்டுகிறது. இங்கும் மின்சார பஸ்ஸைக் கம்பெனிதான் ஓட்டுகிறது. அங்கும் ஓட்டியதற்குக் கூலி, இங்கும் கூலி. "பார்த்தாயா, சீமையே இதைத்தான் செய்கிறது!" என்று சிலர் வாய் திறக்கக் கூடும்.

பொறுங்கள் ஐயா! அவர்கள் பள்ளத்தில் கிடந்தார்கள், கரையேறுகிறார்கள், பாதிப் படியில் நிற்கிறார்கள். நாம் மேட்டில் இருந்தோம். இறங்கி வந்து அதே பாதிப் படியில் நிற்கிறோம். படி ஒன்றுதான், திசை வேறு! அவர்கள் பாதியில் நின்றதற்கும் காரணம் உண்டு: நகராட்சிகள் புதிதாகப் பஸ் கம்பெனி தொடங்கக் கூடாது என்று அதே 2017 சட்டம் மேல்வாசலைப் பூட்டி வைத்திருந்தது. 2025 இல் வந்த சட்டம் அந்தப் பூட்டையும் உடைத்திருக்கிறது. அவர்கள் பூட்டை உடைக்கிறபோது, நாம் சாவியைத் தொலைக்கலாமா?

அரசுத் தரப்பு நியாயத்தையும் கேட்போம். மின்சார பஸ்ஸின் விலை அதிகம். கழகத்தின் தோளிலே கடன் சுமை. ஒப்பந்தம் என்றால் முதல் போட வேண்டியது கம்பெனி. வண்டி நின்றால் நட்டமும் அதற்கே. இந்த வாதத்தில் வலு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வழித்தடமும் கட்டணமும் கழகத்திடமே நிற்கின்றன என்பதும் பெரிய ஆறுதல். கம்பெனியின் கையில் அவை போகாதவரை, தாயின் முந்தானை முடிச்சு அவிழாது.

ஆனால் கயிறு தளர்ந்திருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, டிரைவரின் கூலி. பக்கத்து வழித்தடத்தில் கழகத்து டிரைவர். இந்த வழித்தடத்தில் கம்பெனி டிரைவர். அதே வெயில், அதே நெரிசல், அதே எட்டு மணி நேரக் கழுத்து வலி. சம்பளமும் ஓய்வுக்கால உரிமையும் மட்டும் வேறாக இருக்கலாமா? தொழிற்சங்கங்கள் எதிர்ப்புக் குரல் கொடுத்தது பொறாமையால் அல்ல, இந்தக் கணக்குத் தெரிந்ததால்! மற்றொன்று, பணிமனையின் கைத்திறன். மின்சார பஸ்ஸைப் பழுது பார்க்கும் வித்தையைக் கம்பெனி ஆட்கள் மட்டுமே கற்றுக்கொண்டால், ஒப்பந்தம் முடியும் நாளில் நம்மிடம் நிலம் இருக்கும், கொட்டகை இருக்கும்; திருப்புளி பிடிக்கத் தெரிந்த கை இருக்குமா? கை இல்லாதவன் பேரம் பேச முடியாது; கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆகவே, தோழர்களே! புதிய பஸ்ஸைக் கல்லால் அடிக்க வேண்டாம், கண்மூடிக் கும்பிடவும் வேண்டாம். வழித்தடமும் கட்டணமும் எந்நாளும் மக்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சம வேலைக்குச் சம கூலி என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதக் கேளுங்கள். கழகத்துத் தொழிலாளிக்கும் அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக் கொடுக்கக் கேளுங்கள். கூட்டத்தில் கேளுங்கள், சங்கத்தில் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்திக் கேளுங்கள்.

வியாசர்பாடித் தோழருக்கு என் பதில் இதுதான்: பஸ் யாருடையது என்பதை வண்டியின் மேல் எழுதிய பெயர் சொல்லாது. அது எங்கே போக வேண்டும், என்ன வாங்க வேண்டும், ஓட்டுகிறவன் எப்படி வாழ வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்களோ, அவர்களுடையது.

நம் பஸ்களில் எழுதியிருக்கிறதே, படியில் பயணம் நொடியில் மரணம் என்று! பயணிக்கு மட்டுமா அந்த எச்சரிக்கை? பாதிப் படியில் நிற்கும் நாட்டுக்கும் அதுதான். அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க முடியாது. மேலே ஏறு!